ஸ்டாம்போர்டின் கல் வீடுகள்

இங்கிலாந்து தேசத்து ஊர் என்றால் வெகு காலமாக என் மனத்தில் ஒரே சித்திரந்தான் இருந்து வந்தது. சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். அவற்றின் தலைக்கு மேலே புகைபோக்கிகள். அவற்றுக்கும் மேலே அழுக்குக் கம்பளியைப் போன்ற ஆகாயம். லண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னைப் பரிதாபத்துடன் பார்த்தார். "நாளைக்கு வேறு ஜோலி ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டாம்போர்டுக்குப் போய்விட்டு வாருங்கள். வந்த பிறகு பேசலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பீட்டர்பரோ வரையில் பெரிய ரயிலில் சென்று, அங்கே சின்ன ரயிலில் மாறி ஏறினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும், ரயில் நின்றது. இறங்கிப் பார்த்தால், ரயில்வே ஸ்டேஷனையே காணோம்! பழைய காலத்துப் பிரபு ஒருவருடைய சிறிய மாளிகை மாதிரி ஒரு கல் கட்டடந்தான் நின்றது. கூர்மையான முகடுகள், கல் சட்டம் போட்ட ஜன்னல்கள், உச்சியில் காற்றுத் திசை காட்டும் கருவி. 1848-ல் கட்டிய ஸ்டேஷன் அதுவேதான் என்று பிறகு தெரிந்தது. ரயில் என்னும் புது அரக்கன் ஊருக்குள் வரும்போது கூட, ஊர் வழக்கப்படி கல் சட்டை போட்டுக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது போலும்.

ஸ்டேஷனிலிருந்து வெல்லண்டு நதிக்கரைக்கு ஐந்து நிமிஷ நடை. நதி பெரிதல்ல, நல்ல வாய்க்கால் என்றே சொல்லலாம். இருமருங்கிலும் பசும்புல் தரை. அந்தப் பக்கத்தில் ஊர் மேட்டின்மேல் ஏறி நிற்கிறது. கார்த்திகை மாதத்து மெல்லிய வெயில் அப்போதுதான் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்தது. அந்த வெயிலில் ஊர் முழுவதும் ஒரே நிறமாய்த் தோன்றியது. மஞ்சள் என்று சொல்லலாம். ஆனால் மஞ்சள் அல்ல. சந்தனமும் தேனும் கலந்தாற்போன்ற நிறம். வீடுகள், சுவர்கள், கோயில் கோபுரங்கள், பாலம், கூரை ஓடுகள் எல்லாம் ஒரே பூமியிலிருந்து முளைத்து வந்தவை போலிருந்தன. உண்மையும் அதுதான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாலத்தைத் தாண்டியதும் தெரு மேலேறி வளைந்து செல்கிறது. அதற்கு 'ஸெயிண்ட் மேரி குன்று' என்று பெயர். அதன் தலைப்பில் ஸெயிண்ட் மேரி கோயிலின் கூர்ங்கோபுரம் எழும்பி நிற்கிறது. இருபுறமும் கல் வீடுகள் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. பிரசித்தி பெற்ற நாவலாசிரியர் ஸர் வால்ட்டர் ஸ்காட் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தலைக் குல்லாயை எடுத்து மரியாதை செய்வார் என்று ஊரார் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, நடந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் தலையில் குல்லாய் இல்லை. குளிருக்காகக் கட்டிய கம்பளித் துணிதான் இருந்தது. அதை அவிழ்த்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று பயந்து மனத்திற்குள் வணக்கம் செலுத்திவிட்டு மேலே நடந்தேன்.

இந்த ஊர் லிங்கன்ஷயர் ஜில்லாவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 20,000. இவ்வளவு சிறிய ஊரில், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டடங்கள் மட்டும் 600-க்கு மேல் இருக்கின்றன. அரண்மனைகளோ கோட்டைகளோ அல்ல, பெரும்பாலும் வீடுகள். வக்கீல் வீடு, வைத்தியர் வீடு, கம்பளி வியாபாரி வீடு, பாதிரியார் வீடு, பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக வாழ்ந்த சீமாட்டியின் வீடு. ராஜாக்கள் கட்டியவற்றைப் பார்க்க எல்லா தேசங்களிலும் ஜனங்கள் கூட்டங் கூட்டமாய்ப் போகிறார்கள். நடுத்தரக் குடும்பத்தார் கட்டிய வீடுகளைப் பார்க்கவும் ஒரு யாத்திரை உண்டு என்பது எனக்குப் புதுமையாயிருந்தது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்போர்டைச் சுற்றியுள்ள பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல் பாறை ஓடுகிறது. சுமார் 17 கோடி வருஷங்களுக்கு முன் இந்தப் பிரதேசம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாயிருந்ததாம். அலையில் உருண்ட நுண்ணிய துகள்களின்மேல் சுண்ணாம்பு சுற்றிச் சுற்றிப் படிந்து, மீன் சினையைப் போன்ற சின்னஞ்சிறு மணிகளாயின. அந்த மணிகள் இறுகிக் கல்லாயின. கெட்டன் என்ற பக்கத்துக் கிராமத்துக் கல்லைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தால் அந்த மணிகள் தனித்தனியே தெரியும். அது எந்தப் பக்கம் உளி வைத்தாலும் மறுக்காத கல். கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பல இந்தக் கல்லை வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கின்றன. இன்னொரு பக்கத்திலுள்ள பார்னக் என்னும் ஊரின் கல் கரடுமுரடானது. கிளிஞ்சல் துண்டுகள் நிறைந்தது. ஆனால் வஜ்ரம் போன்ற உறுதி. ஈலி, பீட்டர்பரோ ஆகிய இடங்களிலுள்ள மகத்தான தேவாலயங்கள் பார்னக் கல்லால் ஆனவை. வெட்டி வெட்டி, 1500-ம் வருஷத்தை ஒட்டி நல்ல கல் தீர்ந்தே போய்விட்டது. அந்தக் குவாரி இருந்த இடம் இன்று மேடும் பள்ளமுமாய்ப் புல் மூடி, காட்டுப் பூக்கள் பூக்கும் பாதுகாக்கப்பட்ட நிலமாயிருக்கிறது. கிளிப்ஷம் என்பது மூன்றாவது ஊர். லண்டன் பார்லிமெண்டு மாளிகையின் பழைய கல் புகையினால் அரிக்கப்பட்டுப் போனபோது, அதைப் பழுதுபார்க்க இருபதாம் நூற்றாண்டில் கிளிப்ஷம் கல்லைத்தான் தேடிக்கொண்டு வந்தார்கள்.

சுவருக்குக் கல் இருப்பது பெரிதல்ல. இந்த ஊரில் கூரைக்கும் கல்லே! நான் ஓடு என்று நினைத்தது ஓடு அல்ல. காலிவெஸ்டன் என்ற கிராமத்திலிருந்து வந்த மெல்லிய சுண்ணாம்புக் கல் தகடு. அதைத் தயாரிக்கும் விதத்தைக் கேட்டபோது, கதை சொல்கிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். மார்கழி, தை மாதங்களில் சுரங்கத்திலிருந்து பெரிய பாளங்களை வெட்டியெடுத்து, வெட்டவெளியில் புல்தரையின்மேல் பரப்பிவிடுவார்களாம். பாளம் காயக் கூடாது; காய்ந்தால் பின்பு பிளக்காது. ஆகையால் இரவும் பகலும் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருப்பார்கள். கடும் பனி விழும் இரவில் கல்லுக்குள்ளிருக்கும் ஈரம் உறைந்து பருக்கிறது. பாளம் ஏடு ஏடாகப் பிரிந்துகொள்கிறது. பிறகு சிறு சுத்தியால் தட்டினால் போதும், ஓலைக் கட்டு அவிழ்வது போல் தகடுகள் கழன்று வரும். மனிதன் செய்வது பாதி வேலை. பனி செய்வது பாதி வேலை. பனி விழாத வருஷத்தில் கல்காரருக்கு அடுப்பில் பூனை தூங்கும்.

அந்தத் தகடுகளை வேயும் முறையும் அழகானது. தாழ்வாரத்தில் மிகப் பெரிய தகடு. மேலே போகப் போக அளவு குறைந்துகொண்டே வந்து, முகட்டில் உள்ளங்கை அகலத்தில் முடிகிறது. முற்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் துவாரமிட்டு மர ஆணியினால் மாட்டினார்கள். பாரம் அதிகமாதலால் கூரை செங்குத்தாயிருக்க வேண்டும். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், பெரிய மீனின் செதில்களைப் போல அந்தக் கூரைகள் வெயிலில் மினுமினுக்கின்றன. பிற்காலத்தில் குளிர்காலம் மிதமாகிவிட்டபடியால் இந்தத் தொழில் நசித்துப் போயிற்று. இப்போது பனிக்குப் பதிலாகக் குளிர்பதனப் பெட்டிகளில் வைத்துக் கல்லை உறையவைத்துப் பிளக்கிறார்கள்! பிளக்கும் சுத்தி மட்டும் பழைய சுத்திதான்.

கல் இருந்தால் மட்டும் வீடு எழும்பி விடுமா? பணம் வேண்டும். ஸ்டாம்போர்டுக்கு முதலில் பணம் கொண்டுவந்து கொடுத்தது ஆடு. மத்திய காலத்தில் இவ்வூர்க் கம்பளிக்குக் கடல் கடந்தும் கிராக்கி இருந்தது. வில்லியம் பிரௌன் என்ற கம்பளி வியாபாரி, சந்தை கூடும் அகன்ற தெருவில், ஏழை ஆடவர் பத்துப் பேரும் பெண்டிர் இருவரும் தங்குவதற்காக 1475-ம் வருஷத்தை ஒட்டி ஒரு தர்மசாலை கட்டினார். அதன் பழைய வர்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவர் காலத்திலேயே ஊருக்குத் தசை மாறத் தொடங்கியிருந்தது. 1461-ல் ரோஜாப்பூச் சண்டை என்று பெயர் பெற்ற உள்நாட்டு யுத்தத்தில் ராணி மார்கரெட்டின் சேனை தெற்கே செல்லும் வழியில் ஊரைச் சூறையாடியதாகச் சொல்லுகிறார்கள். கம்பளி வியாபாரமும் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. ஒரு காலத்தில் பதினான்கு கோயில் பற்றுகள் இருந்த ஊரில் இப்போது பழைய கோயில்கள் ஐந்துதான் எஞ்சியிருக்கின்றன.

இடையிலே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 1333-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் மாணவர்களும் ஆசிரியர்களும் இங்கே வந்து போட்டிக் கல்விச்சாலை வைத்தார்கள். அரசன் கட்டளையினால் அது கலைக்கப்பட்டது. ஆனால் ஆக்ஸ்போர்டின் கோபம் தணிந்ததா? 'ஸ்டாம்போர்டில் பாடம் சொல்ல மாட்டேன்' என்று அங்கே பட்டம் பெறுகிறவர்கள் சத்தியம் செய்யும் வழக்கம் 1827 வரையில் நடந்தது! ஏறக்குறைய ஐந்நூறு வருஷக் கோபம். இங்குள்ள ஒரு வீட்டின் கதவில் பித்தளைச் சிங்க முகம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது தங்களுடையது என்று சொல்லி, அதை மீட்பதற்காக 1890-ல் ஆக்ஸ்போர்டு பிரேஸ்நோஸ் கல்லூரியார் வீட்டையே விலைக்கு வாங்கினார்கள். கதவைத் தட்டும் வளையத்துக்காக வீட்டை வாங்கியவர்களைச் சரித்திரத்தில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஊருக்கு இரண்டாந் தடவை யோகம் அடித்தது பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில். ஆற்றிலே படகு வர முடியாதிருந்தது. 1670-களில் சுமார் ஒன்பதரை மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி முடித்தார்கள். கரியும் மரமும் வந்தன. பார்லி மால்ட் வெளியே போயிற்று. அதற்கும் மேலாக, லண்டனிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்து வரையில் செல்லும் ராஜபாட்டை இந்த ஊரின் நடுவாகவே சென்றது. குதிரைக் கோச்சு வண்டிகளின் பொற்காலத்தில், தினந்தோறும் வடக்கே போவது இருபது, தெற்கே போவது இருபது என்று நாற்பது வண்டிகள் ஜார்ஜ் விடுதியின் வாசலில் நிற்குமாம். அந்த விடுதி இன்னும் நடக்கிறது. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரையில் குறுக்கே ஒரு பெரிய மர விட்டம் போட்டு அதில் பெயர்ப்பலகை கட்டியிருக்கிறார்கள். முன்கூடத்தின் இரு புறமும் இரண்டு அறைகள். ஒன்றின் கதவில் 'லண்டன்', மற்றொன்றின் கதவில் 'யார்க்' என்று எழுதியிருக்கிறது. தெற்கே போகிறவர்கள் ஒரு அறையிலும், வடக்கே போகிறவர்கள் மற்றதிலும் காத்திருப்பார்களாம். நான் 'லண்டன்' அறையில் சிறிது நேரம் உட்கார்ந்து தேநீர் அருந்தினேன். விலையைக் கேட்டதும் 'யார்க்' அறைக்குப் போயிருக்கலாமோ என்று தோன்றியது.

வண்டியில் வந்தவர்கள் விட்டுச் சென்ற பணமும், சுற்றுப்புறத்து நிலச்சுவான்தார்கள் குளிர்காலத்தைக் கழிக்க ஊருக்கு வந்த பழக்கமும் சேர்ந்து இந்த வீடுகளை எழுப்பின. 1727-ல் நடனத்துக்கென்று ஒரு மண்டபம் கட்டினார்கள். 1768-ல் நாடகசாலை கட்டினார்கள். பெண்ணுக்கு வரன் தேடும் தாயார்களுக்கு இவை இரண்டும் எவ்வளவு பிரயோஜனமாய் இருந்திருக்கும் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி வீடுகளுக்கு வருகிறேன். பார்ன் ஹில் என்ற அமைதியான தெருவில், சாரம் கட்டிய ஒரு வீட்டின் முன்னால் வயதான கொத்தனார் ஒருவர் சுண்ணாம்புச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்து, "வீடு வாங்கப் போகிறீர்களா, ஐயா?" என்று கேட்டார்.

"பார்க்க மட்டுந்தான் வந்திருக்கிறேன்" என்றேன்.

"அப்படியானால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். சந்து வழியாகப் பின்பக்கம் வாருங்கள்" என்று அழைத்துச் சென்றார்.

பின்னால் போய்ப் பார்த்தால் அது வேறு வீடு! முன்புறம் இழைத்துத் தேய்த்த கல் வரிசைகள், இடையில் கத்தி நுழையாத சந்துகள். பின்புறத்திலோ கைக்கு வந்த முண்டும் முடிச்சுமான கற்களை அடுக்கிச் சாந்து பூசியிருந்தது. ஜன்னல்களும் ஒரே வரிசையில் இல்லை. ஒரு மூலையில் கல் இல்லவே இல்லை. கருத்துப்போன மரத் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் வெளியே தெரிந்தன.

"இதுதான் நிஜமான வீடு. இதன் வயது அதிகம். முன்னால் இருப்பது பிறகு வந்த முகம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஸ்டாம்போர்டின் பழைய வீடுகளில் பல, மரச் சட்ட வீடுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் செல்வம் வந்ததும், சொந்தக்காரர்கள் வீட்டை இடிக்கவில்லை. தெருப்பக்கத்தில் மாத்திரம் புதிதாகக் கல் முகப்பு எழுப்பி, கூரையைச் சிறிது உயர்த்தி, கல்யாணத்துக்குப் பட்டு உடுத்துவது போல உடுத்தி விட்டார்கள். உள்ளே சாய்வான தளம், தலை இடிக்கும் விட்டம், இருட்டுப் படிக்கட்டு. வெளியே அளவெடுத்தாற்போன்ற கம்பீரம். இதைப் பொய்வேஷம் என்று சொல்லிச் சிரிக்கலாம். எனக்கென்னவோ சிரிக்கத் தோன்றவில்லை. தெருவில் போகிறவர்களுக்காகவும் எதிர்வீட்டுக்காரருக்காகவும் ஒரு மனிதன் தன் பணத்தைச் செலவிட்டிருக்கிறான். அந்த முகப்பின் அழகை வீட்டுக்காரன் உள்ளே இருந்து ஒருநாளும் பார்த்திருக்க முடியாது அல்லவா?

பாத் நகரத்தைப் போல ஒரே சிற்பி திட்டம் போட்டுத் தெருத் தெருவாய்க் கட்டிய ஊரல்ல இது. ஒவ்வொருவரும் தம் தம் மனைக்கட்டில், தமக்குக் கைகூடியபோது கட்டினார்கள். உள்ளூர் மேஸ்திரிகள் ஜேம்ஸ் கிப்ஸ் என்ற சிற்பி 1728-ல் வெளியிட்டது போன்ற மாதிரிப் படப் புத்தகங்களைப் பார்த்து வாசல் நிலை, ஜன்னல் வளைவு முதலியவற்றைச் செய்தார்கள். ஆகையால் ஒரு வீடு மற்றதைப் போல் இராது. ஆயினும் கல் ஒன்று, உயரம் ஏறத்தாழ ஒன்று, ஜன்னல்களின் அளவு ஏறத்தாழ ஒன்று. ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற ஓர் ஒற்றுமை தெருவுக்கு வந்துவிடுகிறது.

வீட்டின் வயதைக் கண்டுபிடிக்கக் கொத்தனார் எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். ஜன்னலைப் பார்க்க வேண்டும். நடுவே கல் தூண் வைத்துச் சிறு சிறு கட்டமாகப் பிரித்திருந்தால் அது பதினேழாம் நூற்றாண்டு, அல்லது அதற்கும் முந்தியது. மேலும் கீழும் நகரும் மரச் சட்ட ஜன்னலாயிருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த மரச் சட்டம் கட்டை விரல் பருமனிருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பம். சுண்டு விரலைவிட மெலிந்திருந்தால் அதன் கடைசி. சில வீடுகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கல் வைத்து அடைத்திருக்கிறது. 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் ஜன்னலுக்கு வரி இருந்தது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சர்க்கார் பணம் கேட்டதனால் ஜனங்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். ஆனால் அடைத்த ஜன்னலெல்லாம் வரிக்குப் பயந்து அடைத்தவை அல்ல. இந்தப் பக்கம் மூன்று ஜன்னல் இருந்தால் அந்தப் பக்கமும் மூன்று இருக்க வேண்டும் என்ற ஒழுங்குக்காக, முதலிலிருந்தே குருட்டு ஜன்னல் வைத்துக் கட்டுவதும் உண்டு.

ஜன்னல் பேச்சு வந்ததால் டேனியல் லாம்பர்ட்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1809-ல் குதிரைப் பந்தயம் பார்க்க வந்து இவ்வூர் விடுதியொன்றில் தங்கிய அவர், அங்கேயே இறந்து போனார். வயது 39, எடை 739 பவுண்டு. மாடி ஏற முடியாதென்று கீழ் அறையைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் சவப்பெட்டி வாசல் வழியாக வரவில்லை. ஜன்னலையும் சுவரையும் இடித்து, சக்கரம் வைத்த பெட்டியை வெளியே உருட்டிக்கொண்டு போய் ஸெயிண்ட் மார்ட்டின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஸெயிண்ட் மார்ட்டின் பகுதி ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. அந்தக் கோயிலுக்குள்தான் எலிஸபெத் ராணியின் மந்திரியான வில்லியம் ஸெஸில், பர்லிப் பிரபு, சலவைக்கல்லில் படுத்திருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு மைல் தூரத்தில் 1555-க்கும் 1587-க்கும் இடையில் அவர் கட்டிய பர்லி மாளிகை நிற்கிறது. அதைப் பற்றி எழுதாத பிரயாணி இல்லை; நான் எழுதப் போவதில்லை. ஆனால் மாளிகைக்கும் இந்த வீடுகளுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னவனாவேன்.

பகலெல்லாம் தெருத் தெருவாய்ச் சுற்றியபோது எனக்கு ஒரு கேள்வி ஓயாமல் எழுந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எத்தனையோ ஊர்கள் பழையதை இடித்துத் தள்ளிவிட்டு மில்லும் தொழிற்சாலையும் கட்டினவே, இந்த ஊரை மட்டும் யார் காப்பாற்றினார்கள்? ஊராரின் கலையுணர்ச்சியா?

இல்லை. விடை சற்றுக் கசப்பானது. பர்லி வமிசத்தாரான எக்ஸிடர் பிரபுக்களுக்கு ஊரில் வீடுகள் பல சொந்தம். ஸ்டாம்போர்டுக்குப் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள் இருந்தன. ஊருக்குள் குடியிருந்து வரி கொடுக்கும் வீட்டுத் தலைவனுக்கு ஓட்டு உண்டு. ஓட்டு ரகசியமல்ல, எல்லோருக்கும் எதிரில் பெயர் சொல்லிப் போட வேண்டும். வீடு பிரபுவுடையது என்றால் ஓட்டும் பிரபுவுடையதே. ஆகவே ஊர் பெரிதாகக் கூடாது. புது வீடுகள் கிளம்பக் கூடாது. அவற்றில் அந்நியர்கள் வந்து குடியேறிப் புது ஓட்டுகள் முளைக்கக் கூடாது. ஊரின் வடபுறத்திலிருந்த பொது வயல்களை, மற்ற ஊர்களில் செய்ததைப்போல் வேலியிட்டுப் பிரித்துத் தனித்தனிச் சொத்தாக்கினால்தான் அங்கே வீடு கட்ட முடியும். அப்படிப் பிரிக்க 1870-கள் வரையில் இடம் கொடுக்கப்படவில்லை. பழைய மதில் சுற்றிய எல்லைக்குள்ளேயே ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நான் மெச்சிய கல் முகப்புகளுக்குப் பின்னால், தோட்டமாய் இருந்த கொல்லைகளிலெல்லாம் ஏழைகளின் குச்சு வீடுகள் அடைந்து கிடந்தன.

எதிர்ப்பு எழாமலில்லை. 1830-ம் வருஷத் தேர்தலில் சார்ல்ஸ் டென்னிஸன் என்பவர் (கவி டென்னிஸனுக்குச் சித்தப்பா முறை) பிரபுவின் கட்சியை எதிர்த்து நின்று தோற்றார். அவருக்கு ஓட்டுப் போட்ட குடிவாசிகளுக்கு வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் போயிற்று. இந்த அழகிய வாசற்படிகளில் சில, அந்த வருஷம் சட்டி பானைகளும் படுக்கையும் தெருவுக்கு வந்ததைப் பார்த்திருக்கும். மறு வருஷம் டென்னிஸன் மீண்டும் நின்று வெற்றி பெற்றார். தேர்தல் பேச்சு முற்றிப்போய், அவரும் பிரபு குடும்பத்து வேட்பாளரான தாமஸ் ஸெஸிலும் துப்பாக்கி எடுத்து இரட்டைச் சண்டை கூடப் போட்டார்கள். தெய்வாதீனமாய் இருவரும் பிழைத்தார்கள். ரகசிய ஓட்டுச் சட்டம் வந்தது 1872-ல். வயல்கள் பிரிக்கப்பட்டு ஊர் வடக்கே நகரத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

இதற்கு நடுவில் ரயில் வந்தது. வடக்கே போகும் முக்கியமான பாதை 1850-ஐ ஒட்டிப் பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. கோச்சு வண்டிகள் நின்றன, விடுதிகள் காலியாயின. பீட்டர்பரோ தொழில் நகரமாக வீங்கியது. ஸ்டாம்போர்டு கண்ணயர்ந்தது. பிரபுதான் ரயிலை வரவிடாமல் தடுத்தார் என்று இன்றைக்கும் ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது முழு உண்மையல்ல. பாதையின் வசதி பீட்டர்பரோவுக்கே இருந்தது. பிறகு பெரிய பாதையுடன் ஊரை இணைக்க 1856-ல் ஒரு கிளை ரயில் போடுவதற்கு முன்னின்றதே பிரபுதான். ஆனால் வீட்டை விட்டுத் துரத்தியவர்மேல் ஜனங்கள் ரயில் பழியையும் சேர்த்துப் போட்டால் அதற்கு அவர்களைக் கோபித்து என்ன பயன்?

ஆகவே, நெருக்கியும் ஒடுக்கியும் வைத்ததனால் ஊர் வளரவில்லை, வளராததனால் இடிக்கப்படவில்லை, இடிக்கப்படாததனால் இன்று நாம் போய்ப் பார்த்து வியக்கிறோம். ஸெயிண்ட் மேரி குன்றில் காலையில் நான் செலுத்திய வணக்கத்தை யாருக்கென்று கணக்கில் எழுதுவது? யோசித்துப் பார்த்து, கல்லை வெட்டியவனுக்கும் இழைத்தவனுக்கும் என்று எழுதிக்கொண்டேன்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் வந்து, பழைய ராஜபாட்டையின் நெரிசல் முழுவதையும் அந்தக் குறுகலான வளைவில் கொண்டுவந்து கொட்டின. லாரிகளின் அதிர்ச்சியில் வீடுகள் நடுங்கின. 1960-ல் ஊருக்கு வெளியே புதுச் சாலை திறந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. 1967-ல், ஒரு பகுதி முழுவதையும் பாதுகாப்பது என்ற புதுச் சட்டம் வந்தபோது, இங்கிலாந்திலேயே முதலாவதாக அவ்விதம் அறிவிக்கப்பட்டது ஸ்டாம்போர்டுதான். பத்து வருஷங்களுக்குப் பின் ராயல் கமிஷன் ஒன்று இவ்வூர்க் கட்டடங்களை வீடு வீடாக ஆராய்ந்து 1977-ல் பெரிய புத்தகம் வெளியிட்டது. 1994-ல் ஒளிபரப்பான 'மிடில்மார்ச்' நாவல் தொடரை பி. பி. ஸி. யார் இங்கே படம் பிடித்தார்கள். 2005-ல் வெளியான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தை வேறொரு கம்பெனியார் எடுத்தார்கள். 'மிடில்மார்ச்' 1832-ம் வருஷத்துத் தேர்தல் சீர்திருத்தத்தை ஒட்டிய கதை. படப்பிடிப்புக்கு வீதியில் மண்ணைக் கொட்டிப் பழைய காலமாக்கியவர்களுக்கு, அந்த வீதியின் சொந்தத் தேர்தல் கதை தெரிந்திருந்ததோ என்னவோ!

சாயங்காலம் மூன்றரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. சந்தைத் தெருவில் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருநூறு வருஷத்து வீட்டின் கீழ்த்தளத்தில் கைப்பேசிக் கடை. மாடியில் பல் வைத்தியர். ரயிலுக்கு நேரமிருந்ததால் மறுபடியும் பார்ன் ஹில் பக்கம் போனேன். கொத்தனார் இன்னும் அங்கேதான் இருந்தார்.

"இவ்வளவு குளிரில் இந்த வேலையை ஏன் வைத்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் எங்கே வைத்துக்கொண்டேன்? ஒரு கல்லை மாற்றுவதற்கும் அநுமதி வாங்க வேண்டும். மனுச் செய்தது வைகாசியில். உத்தரவு வந்தது இப்போது. முப்பது வருஷத்துக்கு முன் எவனோ சிமெண்டு வைத்துப் பூசிவிட்டான். சிமெண்டு மூச்சு விடாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லின் முகத்தைப் பெயர்த்துவிட்டது. பாருங்கள்."

அவர் விரல் வைத்த இடத்தில் கல் உப்புப்போல் உதிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் அன்று அவர் வைத்த புதுக் கல். இன்னும் வெளுப்பாயிருந்தது. பூமியில் எப்படிக் கிடந்ததோ அதே படுகையாகப் படுக்க வைத்திருப்பதாகவும், நிமிர்த்தி வைத்தால் ஏடு ஏடாக உரிந்துபோகும் என்றும் சொன்னார். நிறம் ஒத்துவர எத்தனை வருஷமாகும் என்று கேட்டேன். "நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பிறகு கோணிச் சாக்குகளை எடுத்து, பச்சைச் சுண்ணாம்பு காயாத அந்த இடத்தின்மேல் குழந்தைக்குப் போர்த்துவது போல ஒவ்வொன்றாய்ப் போர்த்திக் கட்டினார். ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். மேகம் முழுவதும் விலகி, ஒரு நட்சத்திரம் தெரிந்தது.

"இரவு பனி விழும். கூரை வேய்கிறவனுக்கு இது நல்ல பனி, எனக்கு ஆகாது" என்று சொல்லி, இன்னொரு சாக்கையும் எடுத்துப் போட்டார்.